ஒரே பேரேட்டின் விலை

2023 செப்டம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மன்றம் 'பிரிவு 114' அறிவிப்பை வெளியிட்டது. அந்நாட்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் இதற்கு நேரடியான பொருள் உண்டு. வரவைக் கொண்டு செலவை ஈடுகட்ட முடியவில்லை. சட்டப்படி செய்தே தீரவேண்டிய பணிகளைத் தவிரப் புதிதாக ஒரு காசும் செலவிடக் கூடாது. பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குப்பை அள்ளி, நூலகம் நடத்தி, முதியோரைப் பராமரிக்கும் மன்றம் கையை விரித்துவிட்டது.

முதன்மையான காரணம் பழைய பாக்கி. பெண் ஊழியர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சம ஊதியம் தராததால் எழுந்த கோரிக்கைகளுக்கு 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை ஆகும் என்று மன்றம் கணக்கிட்டிருந்தது. அதையடுத்துச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று ஒரு மென்பொருள். 1999 முதல் பயன்பாட்டில் இருந்த எஸ்ஏபி மென்பொருளை விலக்கிவிட்டு, 2022 ஏப்ரலில் ஆரக்கிள் நிறுவனத்தின் புதிய மென்பொருளுக்கு மன்றம் மாறியது. சுமார் 1.9 கோடி பவுண்டில் முடியும் என்று தொடங்கிய வேலை 10 கோடி வரை போகலாம் என்று 2023இல் மன்றமே ஒப்புக்கொண்டது. செலவைவிட மோசமான சங்கதி வேறு. வங்கிக்கு வந்த பணம் யார் கட்டியது, எந்தக் கணக்கில் சேர வேண்டியது என்று பொருத்திப் பார்க்கும் பகுதி சரியாக இயங்கவில்லை. தன் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு பெருநகரத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2024இல் மக்கள் கட்டும் கவுன்சில் வரி 9.99 விழுக்காடு உயர்ந்தது.

கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு என ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒரே தரவுத்தளத்தில் இணைக்கும் மென்பொருளை ஈஆர்பி என்கிறார்கள். தமிழில் 'நிறுவன வளத் திட்டமிடல்'. பழைய ஈஆர்பியைப் புதுப்பிப்பது இருபது ஆண்டுகளாக எனக்குச் சோறு போடும் தொழில். புதுப்பித்தால் வணிகத்துக்கு என்ன லாபம் என்று கேட்கும் ஒவ்வொரு நிர்வாகக் குழுவுக்கும் எங்கள் தொழிலில் வண்ணப்படங்களோடு ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தப் படங்களைவிட இந்த மென்பொருளின் வரலாறு நேர்மையான பதிலைத் தருகிறது என்பது என் எண்ணம்.

தொலைவில் இருக்கும் கிடங்கு

கணினிக்கு வெகுகாலம் முன்பே இந்தச் சிக்கல் இருந்தது. எங்கோ தொலைவில் இருக்கும் கிளையில் என்ன இருக்கிறது, என்ன நடக்கிறது என்பதைத் தலைமையிடம் எப்படி அறிவது?

தமிழர்களில் இதை மிக ஒழுங்காகக் கையாண்டவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, மலாயா, இலங்கை என்று பரவியிருந்த அவர்களது கடைகளை முதலாளிகள் நேரில் நடத்தவில்லை. ஏஜண்டுகள் நடத்தினார்கள். வழக்கமாக மூன்றாண்டுக் கணக்கு. அது முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். கடைக்குள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு ஏஜண்டாவான். பேரேடு, வட்டிச் சிட்டை எழுதுவதை அவன் படித்தது வேலை செய்துகொண்டேதான். கிளையின் நிலையைச் சுருக்கிச் சொல்லும் ஐந்தொகை காலந்தோறும் செட்டிநாட்டுக்குப் போகும். இலங்கையில் கணக்கியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. பள்ளிக்கூடத்தில் 'பேலன்ஸ் ஷீட்'டுக்கு அவர்கள் கற்ற பெயரே அதுதான்.

இரங்கூனில் எழுதிய கணக்கைக் காரைக்குடியில் இருந்தவர் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. இருவரும் ஒரே முறையில் பயின்றவர்கள் என்பதே காரணம். வரவு எது, பற்று எது, வட்டியை எப்படிப் போடுவது என்பதில் கடைக்குக் கடை வேறுபாடு வைத்துக்கொள்ளவில்லை. அந்த முறைக்கு இருந்த பெரிய குறை காலம். கப்பல் கொண்டுவரும் ஐந்தொகை, அது எழுதப்பட்ட நாளின் உண்மையைத்தான் சொல்லும். முதலாளி எப்போதும் கடந்துபோன ஒரு நாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, தொலைவில் இருக்கும் கிடங்கைப் பார்க்க இரண்டு வேண்டும்: எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை, தாமதமில்லாத செய்தி. இருபதாம் நூற்றாண்டின் பொறிகள் இரண்டாவதைத் தந்தன. முதலாவதையும் சேர்த்தே தந்துவிட்டதாகப் பலர் நம்பியதில் இருந்துதான் எங்கள் தொழிலின் துயரங்கள் பெரும்பாலும் தொடங்குகின்றன.

நூறு சைக்கிளுக்கு இருநூறு சக்கரம்

1956இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற பொறியை வெளியிட்டது. வட்டுகளில் தரவைச் சேமித்து விற்பனைக்கு வந்த முதல் கணினி அது. இருபத்து நான்கு அங்குல அகலத்தில் ஐம்பது வட்டுகள். ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே ஏறக்குறைய அவ்வளவு இடம் கேட்கும். ஆனாலும் அதன் பெயரைக் கவனியுங்கள். ராமாக் என்ற சுருக்கத்தின் கடைசி இரண்டு எழுத்துகள் 'கணக்கு வைத்தல், கட்டுப்படுத்துதல்' என்பவற்றைக் குறித்தன. துளை அட்டைகளை அடுக்கி வரிசையாகப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வேண்டிய ஒரு கணக்கை மட்டும் நேரே எடுத்துப் பார்க்க முடிந்தது. கிடங்கின் இருப்பைக் கேட்ட நேரத்தில் சொல்வதற்கு வழி பிறந்தது.

அந்த வழியில் நடந்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் ஆர்லிக்கி. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். உழவு இயந்திரம் செய்யும் ஜே.ஐ. கேஸ் நிறுவனத்தில் வேலை பார்த்து, பின்னர் ஐபிஎம்முக்குச் சென்றார். அவர் சொன்ன அடிப்படைக் கருத்து, கேட்டால் இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றும் அளவுக்கு எளிது. அதுவரை தொழிற்சாலைகள் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே கவனித்தன. சக்கரம் குறைந்தால் சக்கரம் வாங்கு, மணி குறைந்தால் மணி வாங்கு. எவ்வளவு தேவைப்படும் என்பதை ஒவ்வொரு பாகத்துக்கும் ஊகித்தார்கள். ஆர்லிக்கி தேவைகளை இரண்டாகப் பிரித்தார். எத்தனை சைக்கிள் விற்கும் என்பது சந்தையைப் பொறுத்தது. அதை ஊகிக்கத்தான் வேண்டும். நூறு சைக்கிள் செய்வது என்று முடிவாகிவிட்டால் இருநூறு சக்கரம் வேண்டும் என்பதை எதற்கு ஊகிக்க வேண்டும்? பெருக்கினால் போதும்.

பொருள் தேவைத் திட்டமிடல் என்று பெயர் பெற்ற இம்முறையை 1964இல் முதலில் நடைமுறைப்படுத்தியது பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம். 1975இல் ஆர்லிக்கி அதைப் பற்றி நூல் எழுதினார். ஆயிரக்கணக்கான பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் உள்பாகங்கள், ஒவ்வொன்றும் வந்துசேர வெவ்வேறு நாள்கள்: இந்தப் பெருக்கலையும் கழித்தலையும் கையால் போட முடியாது, கணினி போடும். லாபம் எங்கிருந்து வந்தது என்பதும் வெளிப்படை. கிடங்கில் தேங்கும் சரக்கு உறங்கும் பணம். தேவைப்படும் நாளில் தேவைப்படும் அளவு வந்தால், உறங்கும் பணம் எழுந்து நடக்கும்.

இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. சைக்கிளுக்கு என்னென்ன பாகம் என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும். கிடங்கில் இருப்பதாக ஏட்டில் உள்ள எண்ணும் கிடங்கில் உண்மையில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தொழிற்சாலையில் ஒரே போல்ட்டுக்கு நான்கு எண்கள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று கிடங்குகள், நான்கு பெயர்கள். ஒரு கிடங்கில் பல ஆண்டுகளுக்குப் போதுமான போல்ட் துருப்பிடித்துக் கிடக்க, அடுத்த கிடங்குக்காக அவசர விலை கொடுத்து அதையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். கணினி தன் பெருக்கலைப் பிழையில்லாமல்தான் செய்தது.

உடனுக்குடன் என்ற எழுத்து

1972இல் ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் ஐபிஎம்மிலிருந்து விலகிய ஐந்து பேர் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்: டீட்மர் ஹோப், ஹாஸோ பிளாட்னர், கிளவுஸ் சிரா, ஹான்ஸ் வெர்னர் ஹெக்டர், கிளவுஸ் வெல்லன்ராய்ட்டர். அதுதான் எஸ்ஏபி. சொந்தமாகக் கணினி வாங்க வசதியில்லை. முதல் வாடிக்கையாளர் ஐசிஐ என்ற பிரித்தானிய வேதிப்பொருள் நிறுவனத்துக்கு ஓஸ்ட்ரிங்கனில் இருந்த நைலான் ஆலை. அங்கிருந்த கணினியிலேயே இரவுகளிலும் வார இறுதிகளிலும் நிரல் எழுதினார்கள்.

அவர்கள் எடுத்த இரண்டு முடிவுகள் பின்னால் வந்த எல்லாவற்றையும் தீர்மானித்தன. முதலாவது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புதிதாக எழுதாமல், எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மென்பொருளை எழுதுவது. இரண்டாவது, பகலெல்லாம் சீட்டுகளைச் சேர்த்து இரவில் மொத்தமாகக் கணக்கிடும் வழக்கத்தை விட்டு, சரக்கு வந்திறங்கும் கணத்திலேயே கணக்கிலும் ஏற்றுவது. 1979இல் வந்த ஆர்/2, 1992இல் வந்த ஆர்/3 ஆகியவற்றின் பெயரில் உள்ள 'ஆர்' என்ற எழுத்துக்கு 'உடனுக்குடன்' என்றுதான் பொருள். கிடங்குக்காரர் நூறு மூட்டை வந்ததாகப் பதிந்தால் அதே நொடியில் இருப்பு கூடும், கொடுக்க வேண்டிய கடன் கூடும், கொள்முதல் ஆணை நிறைவேறியதாகக் குறிக்கப்படும். ஒரு நிகழ்ச்சி, ஒரு பதிவு, எல்லோருக்கும் அதே எண். 1990இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இவ்வகை மென்பொருளுக்கு ஈஆர்பி என்று பெயர் சூட்டியது.

முதல் முடிவில்தான் முள் இருந்தது. எல்லோருக்கும் பொருந்தும் மென்பொருள் என்றால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும். எந்த நிறுவனமாவது தன்னை 'ஏறக்குறைய மற்றவர்கள் மாதிரி' என்று நினைத்துக்கொள்ளுமா?

ஐந்நூறு பேரும் ஐந்து பேரும்

புதுப்பித்தலின் மதிப்பு எங்கே பிறக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று 1980களின் ஃபோர்டு நிறுவனம். மைக்கேல் ஹாம்மர் 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையால் அது புகழ்பெற்றது.

ஃபோர்டின் வட அமெரிக்கப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் ஐந்நூறுக்கும் அதிகமானோர் இருந்தார்கள். கணினியை நன்றாகப் பயன்படுத்தினால் அதை நானூறாகக் குறைக்கலாம் என்று நிர்வாகம் மகிழ்ந்திருந்தது. பிறகு மாஸ்டாவைப் பார்த்தார்கள். ஃபோர்டு பங்கு வைத்திருந்த அந்த ஜப்பானிய நிறுவனத்தில் அதே வேலையை ஐந்து பேர் செய்தார்கள். மாஸ்டா சிறியது என்பதைக் கணக்கில் கொண்டாலும் இடைவெளி மலைக்கும் மடுவுக்குமானது.

அந்த ஐந்நூறு பேர் என்ன செய்தார்கள்? கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான சீட்டு, சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றும் ஒத்துப்போனால் பணம். ஒத்துப்போகாத கொஞ்சத்தைத் துப்பறிவதில்தான் அவர்கள் பொழுது போனது. வேகமான கணினி கொடுத்திருந்தால் வேகமாகத் துப்பறிந்திருப்பார்கள். ஃபோர்டு இன்வாய்ஸையே எடுத்துவிட்டது. சரக்கு வந்திறங்கும் இடத்தில் இருப்பவர் திரையில் ஆணையைப் பார்ப்பார். ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்வார், பணம் தானாகப் போகும். ஒத்துப்போகாவிட்டால் சரக்கு திரும்பிவிடும். அந்தப் பிரிவின் ஆள்பலம் முக்கால் பங்கு குறைந்தது.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. லாபத்தைத் தந்தது தரவுத்தளத்தோடு சேர்ந்து ஒரு வழக்கம் கைவிடப்பட்டதுதான் என்பது ஒன்று. மேலதிகாரிகளும் கணக்கர்களும் வைத்திருந்த ஒரு முடிவு, சரக்கு இறக்கும் தளத்தில் நின்ற தொழிலாளியின் கைக்கு வந்தது. மற்றதை எங்கள் வண்ணப்படங்கள் காட்டுவதில்லை. 'முக்கால் பங்கு' என்பது ஆட்களின் எண்ணிக்கை. வணிக மதிப்பு என்று ஒரு பக்கம் எழுதப்படுவதற்கு மறுபக்கத்தில் பெயர்கள் இருக்கின்றன. இரட்டைப் பதிவுக் கணக்கை நம்புகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் படிக்க வேண்டும்.

பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1987இல், கணினி எங்கும் தென்படுகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தென்படவில்லை என்ற பொருளில் எழுதினார். மூன்றாண்டு கழித்துப் பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் அதற்கு விடையாக மின்சாரத்தின் கதையைச் சொன்னார். எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் நியூயார்க்கில் 1882இல் தொடங்கியது. நூற்றாண்டு முடியும் தறுவாயிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்குசக்தியில் மின்மோட்டார்களின் பங்கு 5 விழுக்காட்டைத் தொடவில்லை. மின்சாரம் வாங்கியவர்களும் நீராவி எந்திரம் நின்ற இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, பழைய தண்டுகளையும் வார்ப்பட்டைகளையும் அப்படியே சுழலவிட்டார்கள். ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார், மாடிகளுக்குப் பதில் ஒரே தளம், வேலை ஓடும் வரிசையில் எந்திரங்கள் என்று தொழிற்சாலையையே மாற்றிக் கட்டிய பிறகுதான், 1920களில் உற்பத்தித்திறன் பாய்ந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

நீராவி நின்ற இடத்தில் மோட்டாரை வைப்பதை இன்றும் நாள்தோறும் பார்க்கிறேன். பழைய மென்பொருளில் பதினோரு பேர் கையொப்பமிட்ட கொள்முதல் கோரிக்கை, புதிய மென்பொருளிலும் பதினோரு பேர் திரைகளைக் கடந்து போகிறது. திரை மட்டும் அழகாகியிருக்கிறது.

நாள்காட்டி துரத்திய ஆண்டுகள்

1990களின் பிற்பகுதியில் ஈஆர்பி சந்தை பெருகியதற்கு ஹாம்மரின் கட்டுரையைவிடப் பெரிய காரணம் நாள்காட்டி. ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதிய பழைய நிரல்கள் 2000ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம். பல நிறுவனங்கள் பழையதைத் திருத்துவதைவிட மொத்தமாக மாற்றிவிடுவது மேல் என்று முடிவெடுத்தன. இரண்டு வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது.

புலம்பெயர் தமிழர் வரலாற்றில் இது ஓர் அத்தியாயம். சரியாக எழுதப்படாத அத்தியாயம். கோபால் மொழியில் எழுதிய, தங்களைவிட வயதில் மூத்த நிரல்களைத் திருத்தக் கோவையிலும் மதுரையிலும் படித்த இளைஞர்கள் நியூஜெர்சிக்கும் டெக்சாஸுக்கும் போனார்கள். 1996 முதல் 2009 வரை டிசிஎஸ்ஸுக்குத் தலைமை தாங்கியவர் எஸ். ராமதுரை. சென்னையின் ராம்கோ 'மார்ஷல்' என்ற பெயரில் சொந்தமாகவே ஓர் ஈஆர்பியை உருவாக்கியது. இந்த இதழின் வாசகர்களில் பலருடைய குடியுரிமைத் தாளுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பழைய பேரேடு இருக்கிறது.

நாள்காட்டியின் கெடுவுக்காக மாற்றியவர்களில் சிலர் விலை கொடுத்தார்கள். ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவில் மூன்று மென்பொருள்களை ஒருசேர நிறுவியது. நான்காண்டு தேவைப்படும் வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்க வேண்டும் என்று நெருக்கி, 1999 ஜூலையில் இயக்கிவைத்தார்கள். அமெரிக்காவில் மிட்டாய் விற்பனையின் உச்சமான ஹாலோவீன் அக்டோபர் கடைசியில் வருகிறது. கிடங்கில் சாக்லேட் இருந்தது. கடைகளிலிருந்து ஆர்டரும் இருந்தது. ஒன்றை மற்றொன்றிடம் சேர்க்க முடியவில்லை. ஏறக்குறைய 10 கோடி டாலர் ஆர்டர்கள் நிறைவேறவில்லை. ஹெர்ஷி அதிலிருந்து மீண்டது. கெடுவை நாள்காட்டி குறிக்கும்போது மாற்ற வேண்டியதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது என்ற பாடம் மிஞ்சியது.

எந்த வழக்கம், யாருடைய வழக்கம்?

'மென்பொருளுக்கு ஏற்ப நீங்கள் மாறுங்கள்' என்பது எங்கள் தொழிலின் வேதவாக்கு. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடி 2011இல் எஸ்ஏபி திட்டத்தைத் தொடங்கியது. லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் பழக்கமுடையது. மென்பொருள் விற்பனை விலையில் மதிப்பிடும் முறையில் அமைந்திருந்தது. நிறுவனம் தன் பழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்தது. வளைக்க வளைக்கச் சிக்கல் கூடி, 2018இல் திட்டமே கைவிடப்பட்டது. ஏறக்குறைய 50 கோடி யூரோ போனதாகப் பத்திரிகைகள் எழுதின. வாங்கிய விலையில் சரக்கை மதிப்பிடுவது ஒன்றும் பிழையில்லை. சிக்கனமான வணிகர்கள் காலங்காலமாகச் செய்வது. மென்பொருளின் 'பொதுமுறை' என்பதும் எங்கோ யாரோ சிலருடைய பழக்கம்தான். அந்த வேறுபாடு இவ்வளவு விலை பெறுமா என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தீர்த்திருக்க வேண்டும்.

பர்மிங்காமிலும் அதே கதைதான். மென்பொருளை உள்ளபடி ஏற்பது என்றுதான் முதலில் திட்டம். வேலை நடக்க நடக்க, ஏற்பது வளைப்பதாக மாறியது. வங்கிக் கணக்கைப் பொருத்திப் பார்க்கும் அந்தப் பகுதி, மன்றத்துக்காகத் தனியாக வளைத்துச் செய்யப்பட்டது.

ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையின் கதை வேறொன்றையும் சொல்கிறது. 2010 மார்ச்சில் அங்கே புதிய சம்பள மென்பொருள் இயங்கத் தொடங்கியது. ஏறக்குறைய எண்பதாயிரம் ஊழியர்களில் சிலருக்குச் சம்பளம் குறைந்து வந்தது, சிலருக்குக் கூடி வந்தது, சிலருக்கு வரவேயில்லை. இரவுப் பணி முடித்து வீடு திரும்பிய செவிலியர் வங்கிக் கணக்கைப் பார்த்து நின்றார். எல்லாவற்றையும் சரிசெய்து நடத்த ஆகும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. 2013இல் அறிக்கை தந்த விசாரணை ஆணையம், அந்நாட்டுப் பொது நிர்வாகத்தின் மிக மோசமான தோல்விகளின் வரிசையில் இதை வைத்தது.

அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் இருந்தன. சம்பளத்தைக் கணக்கிடும் விதிகள் சேரும் விதங்கள் இருபத்து நாலாயிரத்தைத் தாண்டின. என் போன்ற ஆலோசகர் இதைப் பார்த்ததும் 'இவற்றைக் குறையுங்கள்' என்பார். ஆனால் இரவுப் பணிக்கு ஒரு படி, தொலைதூர மருத்துவமனைக்கு ஒரு படி என்று ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை இருக்கும். ஒரு பக்கத்துக்குச் சிக்கலாகத் தெரிவது மறுபக்கத்துக்குப் போராடிப் பெற்ற உரிமை. அதை நிரலாளர் மேசையில் வெட்டிவிட முடியாது. வெட்டாமல் அவசரமாக இயக்கிவைக்கவும் முடியாது. பேசித் தீர்ப்பதற்கு மாற்று வழியைக் கணினி இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஆக, ஃபோர்டின் இன்வாய்ஸ் ஒரு வகை வழக்கம்: யாரும் விரும்பாத, யாருக்கும் பயனில்லாத தூசி. செவிலியரின் இரவுப்படி மற்றொரு வகை: காக்க வேண்டிய உடன்பாடு. லிடிலின் சரக்கு மதிப்பீடு இரண்டுக்கும் நடுவில். எது எந்த வகை என்று தரம் பிரிப்பதுதான் புதுப்பித்தலின் உண்மையான உழைப்பு. ஒப்பந்தத்தில் அதற்கு மிகக் குறைந்த நாள்களே ஒதுக்கப்படுகின்றன.

மீண்டும் ஒரு கெடு

இப்போது மறுபடியும் நாள்காட்டி துரத்துகிறது. எஸ்ஏபி 2015இல் எஸ்/4 ஹானா என்ற புதிய தலைமுறையை வெளியிட்டது. பழைய தலைமுறைக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது; கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை நீளும். உலகின் பெரும் நிறுவனங்கள் பலவும் இந்தக் கெடுவுக்குள் மாறும் ஏற்பாடுகளில் இருக்கின்றன.

புதிய தலைமுறையில் ஒரு மாற்றம் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். முன்பு வெளியாருக்குக் காட்டும் நிதிக்கணக்கும் உள்ளே பார்த்துக்கொள்ளும் செலவுக்கணக்கும் தனித்தனி ஏடுகளில் இருந்தன. மாதக் கடைசியில் இரண்டையும் ஒத்துப்பார்க்க ஆட்கள் இரவு பகலாக உட்காருவார்கள். இப்போது இரண்டும் ஒரே பேரேடு. ஒத்துப்பார்க்க இரண்டாவது ஏடே இல்லை. ஃபோர்டு இன்வாய்ஸை எடுத்துவிட்டதைப் போன்ற காரியம் இது. மாதக் கணக்கை முன்னதாக முடிக்கலாம், மிஞ்சும் நாள்களில் அந்தக் கணக்கைக் கொண்டு முடிவெடுக்கலாம். ஆனால் நிதிப்பிரிவும் ஆலைப்பிரிவும் இதுவரை தங்களுக்கென வைத்திருந்த எண்களை விட்டுத்தர வேண்டும். ஆலை மேலாளர் தன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் எக்செல் தாளை மூடினால்தான் ஒரே பேரேடு ஒரே பேரேடாக இருக்கும். அந்தத் தாளை அவர் ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் நியாயமான காரணம் ஒன்று இருக்கும். அதைக் கேட்பதற்கு யாரும் மென்பொருள் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

பர்மிங்காம் நகர மன்றம் அதே ஆரக்கிள் மென்பொருளை மீண்டும் முதலிலிருந்து, இம்முறை வளைக்காமல் உள்ளபடி நிறுவுவது என்று முடிவெடுத்தது. அந்த முடிவு முதல் நாள் எடுத்ததுதான். நடுவில் கழிந்த ஆண்டுகளுக்கு ஊர்மக்கள் வரியாகவும், சுருங்கிய சேவைகளாகவும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலர் அடுத்த சில மாதங்களில் இப்படி ஒரு திட்டத்தின் முதல் கூட்டத்தில் உட்காருவீர்கள். செவிலியராக, கணக்கராக, கிடங்கு மேற்பார்வையாளராக, அல்லது என்னைப் போல மணிக்கணக்கில் பில் போடும் ஆலோசகராக. மேசைமேல் முதலில் வைக்கப்படும் தாளைப் பாருங்கள். அது புதிய மென்பொருளின் வசதிகளைப் பட்டியலிட்டால், இரண்டாவதாக ஒரு தாளைக் கேளுங்கள்: இந்த நிறுவனம் எவற்றை விட்டுவிடப் போகிறது, எவற்றை விடவே விடாது, அதை முடிவு செய்தது யார்? பழைய கடைகளில் ஐந்தொகையின் அடியில் ஏஜண்டு கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் அடியிலும் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.